நாலு முனையில் பிடித்த வேட்டி

அருவியைப் படம் எடுக்க உச்சி வெயிலைப் போல ஆகாத நேரம் வேறு கிடையாது. இதை எனக்குச் சொன்னவள் ஜெசிந்தா. கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். நான் ஈஸ்வரபாண்டி, ஜீப் ஓட்டுகிறவன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றாத நாட்களில் அவளுக்கு வண்டி ஓட்டுகிறேன், ஒன்பது வருடமாக. வண்டி ஓட்டுவதோடு விட்டால் பரவாயில்லை. குடை பிடிக்க வேண்டும், பெண்ணின் முந்தானையைத் தூக்கிப் பறக்கவிட்டுச் சட்டென்று ஒளிந்துகொள்ள வேண்டும், மாப்பிள்ளையின் செருப்பைக் குரங்கு தூக்காமல் காவல் இருக்க வேண்டும். எல்லாம் நம் தலையில்தான்.

"அண்ணே, இந்த வெயில்ல மொகத்துக்கு வெளிச்சம் வச்சா, தண்ணி வெளுத்துப்போயி வெள்ளையடிச்ச செவரு மாதிரி ஆகிப்போகும். தண்ணிக்கு வச்சா மொகம் கருத்துப்போகும். கண்ணு இருக்குற எடத்துல ரெண்டு குழிதேன் இருக்கும்" என்பாள்.

"அப்ப என்னதேன் செய்வ?"

"தண்ணி போனாப் போகட்டும். கண்ணு தெரியணும்."

மற்ற விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். இதில் மட்டும் கழுதைப் பிடிவாதம். அதற்குக் காரணம் உண்டு. அவளுக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. அவளுடைய கல்யாணப் பூசை முடிந்து மாதா கோயில் படிக்கட்டில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தபோது பகல் பன்னிரண்டு. இரண்டு வருடத்தில் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று ஆல்பத்தைப் புரட்டினால், அம்மா இருக்கிற பதினேழு படத்திலும் புருவத்துக்குக் கீழே கறுப்பாக நிழல். ஒன்றில்கூடக் கண் இல்லை. அம்மாவின் கண் எப்படி இருக்கும் என்பதே இப்போது மறந்துகொண்டு வருகிறது என்று ஒரு நாள் வண்டியில் சொல்லி அழுதாள். அதற்கப்புறம்தான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டாளாம்.

சரி, உச்சி வெயில் ஆகாது என்றால் காலையில் எடுக்க வேண்டியதுதானே? நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்களை உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ பெண் மாப்பிள்ளையை அருவிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது இப்போது தாலி கட்டுவதற்கு அடுத்த சடங்காகிவிட்டது. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்குப் பெண்ணுக்குப் பவுடர் போடத் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். மூன்றிலிருந்து நாலரை எமகண்டம். நடுவில் மிஞ்சுவது பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் மண்டையைப் பிளக்கும் அந்த மூன்று மணி நேரம்தான். ஜெசிந்தாவின் ஸ்டூடியோவில் மாதா படத்துக்குக் கீழே தினசரிக் காலண்டர் தொங்கும். எந்தப் பாதிரியாரும் அவ்வளவு கவனமாக ராகு காலம் பார்க்கிற கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார். தொழில் அப்படி.

அதனால் அவள் ஒரு சாமான் வாங்கி வைத்திருந்தாள். வட்டமான கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வெள்ளைத் துணி. அதைத் தலைக்கு மேலே பிடித்தால் வெயில் வடிகட்டியதுபோல முகத்தில் இறங்கும். அதற்கு நாங்கள் வைத்த பேர் அப்பளம். "அண்ணே, அப்பளத்தத் தூக்குங்க" என்றால் நான் தூக்குவேன்.

போன வருடம் ஆவணியில் சுருளிப்பட்டி கர்ணன் வீட்டுக் கல்யாணம். கர்ணன் திராட்சைத் தோட்டக்காரர். ஐம்பத்தெட்டு வயது, வாட்டசாட்டமான ஆள், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவருடைய மகன் சுரேஷ்கண்ணனுக்கும் புது மருமகள் அனுசுயாவுக்கும் சுருளி அருவியில் படம் எடுக்க வேண்டும். நாள், வெள்ளிக்கிழமை. இதையெல்லாம் முடிவு செய்தது கர்ணனின் சம்சாரம் மொக்கம்மாள். அந்த வீட்டில் சூரியன் உதிப்பதற்கும் அந்தம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் என்பார்கள்.

அதிசயமாகப் பத்து மணிக்கே அருவிக்குப் போய்விட்டோம். மரத்து நிழலில் வெளிச்சம் பால்போல இருந்தது. ஜெசிந்தா ஆசையாகக் கேமராவை எடுத்தாள்.

"பொறு ஆத்தா. தொடங்கி வைக்கிறதுக்குள்ள ராகு காலம் வந்துரும். பன்னெண்டு அடிக்கட்டும்" என்றாள் மொக்கம்மாள்.

"வெயில் ஏறிருமேம்மா."

"ஏறட்டும். எறங்காமயா போயிரும்?"

அப்புறம் என்ன பேச? உட்கார்ந்து புளியோதரை தின்றோம். அந்த நேரத்தில்தான் குரங்குகள் வந்தன. வாழைப்பழப் பையை அப்பளத்தின் மேல் வைத்திருந்தது என் தப்பு. ஒரு கிழட்டுக் குரங்கு பையோடு சேர்த்து அதையும் இழுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. நாங்கள் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் துணி நார் நாராகிவிட்டது. வளையத்தை மட்டும் கீழே போட்டுவிட்டுப் பழத்தை உரிக்கத் தொடங்கியது.

பன்னிரண்டு அடித்தது. ஆவணி மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் நேராக உச்சந்தலையில் நிற்கும். நம் நிழல் நம் காலடியிலேயே கிடக்கும். அனுசுயா நின்றாள், சுரேஷ்கண்ணன் நின்றான், இரண்டு பேருக்கும் கண் இருந்த இடத்தில் குழி. ஜெசிந்தா உதட்டைக் கடித்தாள்.

"யாருகிட்டயாச்சும் வெள்ளை வேட்டி இருக்கா? தண்டி இல்லாத மெல்லிசு வேட்டியாப் பாத்து" என்றாள்.

"எங்கிட்ட இருக்கு தாயி. குளிச்சிட்டு மாத்தலாம்னு கொண்டாந்தேன்" என்று கர்ணன் தன் நாலு முழ வேட்டியைப் பையிலிருந்து எடுத்து உதறினார். ஒரு முனையை அவர் பிடித்தார். ஒன்றை நான் பிடித்தேன். மற்ற இரண்டு முனைகளை மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பிடித்தார்கள். வேட்டிக்குக் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றதும் இரண்டு முகமும் பூத்ததுபோல ஆனது. ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "அப்பளத்த விட இது நல்லாருக்கேண்ணே!" என்றாள்.

மொக்கம்மாள் அப்போது அங்கே இல்லை. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவப் போயிருந்தாள். தூக்குவாளியோடு திரும்பி வந்தவள் எங்களைப் பார்த்தாள். தூக்குவாளி பாறையில் விழுந்து உருண்டது.

"அடியாத்தி! எம்புள்ளை தலைக்கு மேல என்ன புடிச்சிருக்கீக? கல்யாணம் முடிஞ்சு அஞ்சு நாளு ஆகல, நீர்மாலையா எடுக்குறீக? ஏலே சுரேசு, வெளிய வாடா! ஏத்தா அனுசுயா, வெளிய வா!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மகன்மாரும் பங்காளிகளும் குடத்தோடு போவார்கள். அதுதான் நீர்மாலை. திரும்பி வரும்போது அவர்கள் தலைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை நாலு பேர் நாலு முனையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீர்க்கரை, வெள்ளை வேட்டி, நாலு ஆள். எதுவும் குறையவில்லை. போதாததற்கு, அமாவாசைக்கு அமாவாசை செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற இடம் அது. ஜெசிந்தாவுக்குத் தெரியாது, அவர்கள் ஊரில் அந்த வழக்கம் கிடையாது. நான்? எத்தனை நீர்மாலைக்கு இந்தக் கையாலேயே வேட்டி பிடித்திருப்பேன்! வேலை என்று வந்ததும் புத்தியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

அனுசுயா அழ ஆரம்பித்துவிட்டாள். வந்த மருமகளின் ராசிதான் இப்படிச் செய்யவைத்தது என்று யாராவது வாய் திறந்தால் அவள் வாழ்க்கை என்னாவது? கூட்டாளிகள் வேட்டியைக் கீழே போடவா வேண்டாமா என்று விழித்தார்கள். ஜெசிந்தா என்ன நடக்கிறதென்றே புரியாமல் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கர்ணன் பேசினார். "இந்தா, எல்லாரும் செத்த சும்மா இருங்க. ஏலே சுரேசு, இந்த முனையப் பிடி." மகன் கையில் முனையைக் கொடுத்துவிட்டு, நேராக வேட்டிக்குக் கீழே போய் நின்றார். "தோசம் இருந்தா அது எந்தலையோட போகட்டும். சின்னஞ்சிறுசுகளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கென்ன, ஆண்டு அனுபவிச்சாச்சு. எடு ஆத்தா, ஒரு போட்டா."

"வேணாம்யா" என்றாள் ஜெசிந்தா.

"எடுங்குறேன்ல!"

எடுத்தாள். ஒன்றே ஒன்று. அந்த மனிதருக்குப் புருவம் கூரை இறக்கியதுபோலத் தடித்திருக்கும். ஆதார் அட்டையில்கூடக் கண் தெரியாது. அந்தப் படத்தில் முதல் தடவையாகத் தெரிந்தது. இளம் பழுப்புக் கண். ஓரத்தில் குறும்பு. பின்னால் அருவி வெளுத்துப்போய் வெள்ளையாக நின்றது. மொக்கம்மாள் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் எங்களுக்குள் சண்டை.

"ஒங்களுக்குத் தெரியும்ல? சொல்லிருக்கலாம்ல?"

"தோணலத்தா. சத்தியமாத் தோணல."

"அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நீ வேதக்காரி. ஒனக்கு எதுக்கு இந்தப் பயமெல்லாம்?"

"வேதக்காரின்னா பயம் வராதா?" என்று கத்தினாள். அப்புறம் கம்பம் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைக் குத்திக்காட்டினேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். தோஷம் தன் தலையோடு போகட்டும் என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தது என் கை.

ஆல்பம் போட்டுக் கொடுத்தபோது அந்தப் படத்தை அவள் சேர்க்கவில்லை. அழிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. அருவிக்குப் போகும் பாதை கர்ணன் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும்போதெல்லாம் தோட்டம் வந்ததும் "மெதுவாப் போங்கண்ணே" என்பாள். திராட்சைப் பந்தல் ஆள் உயரத்துக்கு இலையும் கொடியுமாக மூடிக் கிடக்கும். உள்ளே வேலை செய்கிறவரின் தலை தெரியாது, இடுப்புக்குக் கீழேதான் தெரியும். கர்ணனுக்கு இடது கெண்டைக்காலில் பெரிய தழும்பு, பம்புசெட்டு வார் அறுந்து அடித்தது. அந்தத் தழும்புக் கால் பந்தலுக்குக் கீழே நடமாடுவதைப் பார்த்தால் போதும். "இருக்காக" என்பாள். நான் கியரை மாற்றுவேன். வேலை இல்லாத வெள்ளிக்கிழமையிலும் ஏதாவது சாக்குச் சொல்லி என்னைக் கிளப்பிக்கொண்டு வருவாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வர மாட்டேன் என்று நான் ஒரு தடவையும் சொன்னதில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கால்கள் இல்லை. "சந்தைக்குப் போயிருப்பாரு" என்றேன். அடுத்த வெள்ளியும் இல்லை. பந்தலில் பழம் முற்றித் தொங்குகிறது, பறிக்க ஆள் இல்லை. எந்தத் திராட்சைக்காரன் அப்படி விடுவான்? பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்தோம். நெஞ்சு வலி, தேனி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், பிழைத்தால் உண்டு என்றார்கள்.

ஜெசிந்தா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "நாந்தேன் கொன்னுட்டேன்" என்றாள். "நான் வேணாம்னுதேன் சொன்னேன். எடுன்னாக, எடுத்தேன். எடுக்காம இருந்திருக்கணும்." தேனி போகும்வரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். நான் வீரபாண்டியைத் தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து மாரியாத்தாளைக் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மொக்கம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. அந்தச் சூரியனுக்கே உத்தரவு போடுகிற பொம்பளை, பாதியாகிப் போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அம்மா, என்னாலதேன்..." என்று ஜெசிந்தா தொடங்கினாள்.

மொக்கம்மாள் அவளையே பார்த்தாள். "அன்னைக்கு எடுத்தியே, அந்தப் படம் ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்கும்மா. இப்பவே அழிச்சிர்றேன்." படத்தை ஏற்றி வைத்திருந்த போனை எடுத்தாள்.

"அழிச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன். காட்டு."

ஜெசிந்தா காட்டினாள். மொக்கம்மாள் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நர்சு இரண்டு தடவை குறுக்கே போய் வந்தாள். அவ்வளவு நேரம் பார்த்தாள். உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கர்ணன் மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தார். மொக்கம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போ. அவுக எந்திரிச்சு வரட்டும். பேசிக்கிருவோம்" என்றாள்.

அந்தப் "பேசிக்கிருவோம்" எங்களை ஐந்து மாதம் தூங்கவிடவில்லை. நல்லதுக்குச் சொன்னாளா, எங்கள் மேல் பிராது வைக்கப்போகிறாளா? கர்ணன் பிழைத்துக்கொண்டார். ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்களாம். சித்திரைக் கடைசியில் பந்தலுக்குக் கீழே தழும்புக் கால் மறுபடி நடமாடியது, மெலிந்து, மெதுவாக. ஜெசிந்தா "இருக்காக" என்றாள், அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் உள்ளே போய் ஒரு வார்த்தை விசாரிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

இந்த வருட ஆவணியில் ஒரு புதன்கிழமை மொக்கம்மாள் போன் செய்தாள். "வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்குச் சுருளிக்கு வா. கேமராவோட வா. அந்த ஜீப்புக்காரனையும் கூட்டியா."

"பரிகாரம் எதும் செய்யச் சொல்லுவாகளோண்ணே?" என்றாள் ஜெசிந்தா. புதிதாக வாங்கிய அப்பளத்தை மறக்காமல் வண்டியில் எடுத்துப் போட்டாள்.

அருவிக்கரையில் கர்ணன், மொக்கம்மாள், சுரேஷ்கண்ணன், அனுசுயா நாலு பேரும் நின்றார்கள். அதே பாறை. அதே வெயில். மொக்கம்மாள் பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தாள். நீலம் போட்டு வெளுத்து மடித்த அதே நாலு முழ வேட்டி.

"பிடிங்க" என்றாள். சுரேஷ்கண்ணன் ஒரு முனையைப் பிடித்தான், அனுசுயா ஒரு முனை. நான் தயங்கித் தயங்கி ஒன்றைப் பிடித்தேன்.

"அம்மா, வேட்டி வேணாம்மா. புது அப்பளம் இருக்கு..."

"ஒன் அப்பளத்தக் கொண்டுபோயிச் சோத்துக்குத் தொட்டுக்க." மொக்கம்மாள் கர்ணன் கையைப் பிடித்து வேட்டிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் ஒட்டி நின்றாள். அப்புறம் ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பீடியால வந்த அடப்புன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஆசுபத்திரியில அந்தப் படத்தப் பாத்தேன்ல ஆத்தா, அதுல அவுக ஒத்தையில நிக்கிறாக. எம்மகனுக்காகவும் மருமகளுக்காகவும் இந்த மனுசன் போயி நிக்கிறாரு, நான் தள்ளி ஒக்காந்து கத்திக்கிட்டு இருந்திருக்கேன். முப்பத்தோரு வருசம் கூட இருந்துட்டு அன்னைக்கு மட்டும் விட்டுட்டேன். அதுதேன் என்னைய அறுக்குது. ராத்திரியெல்லாம் மூச்சு வருதா வருதான்னு மூக்குல வெரல வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இனி முடியாது. இருந்தாலும் சேந்தே இருக்கோம், போனாலும் சேந்தே போறோம். எடு."

"ஏ புள்ள, நீயும் வந்துட்டா அங்கனயும் ஒங்கிட்டதேன் ஏச்சு வாங்கணுமா?" என்றார் கர்ணன். சுரேஷ்கண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலாவது முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போன ஒரு கேரளாக்காரர் தானாகவே வந்து அதைப் பிடித்தார். அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பட்டுச்சேலையையும் பூவையும் பார்த்துவிட்டு, "கல்யாணமாணோ சேச்சி?" என்று கேட்டார்.

"ஆமா, எங்க கல்யாணந்தேன்" என்றாள் மொக்கம்மாள்.

ஜெசிந்தாவின் கண்ணைத் தண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு ஒன்று எடுத்தாள். திருப்பிக் காட்டினாள். படத்தில் அருவி வெளுத்துச் சுவராகிவிட்டது, சொன்னால் ஒழிய அது சுருளி என்று யாரும் நம்ப மாட்டார்கள். நாலு கண்ணும் தெளிவாக இருந்தன. இப்போது அது ஸ்டூடியோவில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமைகளில் சுருளிப்பட்டியைத் தாண்டும்போது இன்னமும் "மெதுவாப் போங்கண்ணே" என்கிறாள். நான் கியரைக் குறைக்கிறேன். பந்தலுக்குக் கீழே தழும்புக் கால் ஒன்று தெரியும், அதன் ஜோடி தெரியும், பக்கத்திலேயே கொலுசுக் கால் இரண்டு தெரியும். நாலையும் எண்ணிவிட்டுத்தான் போகிறோம்.